வேலை போன பிறகு பகல் பொழுதை என்ன பண்றது?

நீங்க கேட்டதை சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், மத்தவங்களும் படிக்கிறாங்க இல்லையா. சென்னைல ஒரு ஐடி கம்பெனில 11 வருஷம், வயசு 36, ஆறு வாரத்துக்கு முன்னாடி ஆட்குறைப்பு லிஸ்ட்ல பேரு வந்துடுச்சு, வீட்டு லோன் ஓடுது, பையன் யூகேஜி. மனைவிக்கு தெரியும், ஊர்ல இருக்கிற அப்பாகிட்ட இன்னும் சொல்லல. எல்லாரும் பாஸிட்டிவா இருன்னு சொல்றாங்க, ஆனா காலைல பத்து மணி வரைக்கும் ஃபோனை பாத்துக்கிட்டே படுத்திருக்கேன், பொழுது எங்க போகுதுன்னே தெரியல, எப்படி மறுபடி ப்ரொடக்டிவ் ஆகறதுன்னு கேட்டிருக்கீங்க.

எனக்கு இது 39 வயசுல நடந்துச்சு. ஒரே கம்பெனில 14 வருஷம். ஒரு செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் ரூமுக்கு கூப்பிட்டாங்க, பதினொன்றரைக்கு வெளிய வந்து தண்ணி பாட்டில் எடுக்க என் சீட்டுக்கு போறேன், கார்டை வெச்சா கதவு திறக்கல, சிவப்பு லைட்டுதான் வருது, செக்யூரிட்டி அண்ணன் தினமும் எனக்கு வணக்கம் சொல்றவரு, அவரு தலையை குனிஞ்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஏழு மாசம் வேலை இல்ல. இப்போ வேற ஒரு கம்பெனில ஆள் எடுக்கிற பக்கத்துல உக்காந்திருக்கேன், மேசைக்கு ரெண்டு பக்கமும் பாத்தாச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல, பாஸிட்டிவா இருக்கணும்ங்கற பாரத்தை கொஞ்ச நாளைக்கு இறக்கி வைங்க. ஏற்கனவே வேலை இல்ல, அதுல சிரிச்ச மூஞ்சியா இருக்கறது ஒரு தனி வேலையா சேந்துட்டா அதுலயும் தோத்துட்டோம்னு ராத்திரி தூக்கம் போகும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமா பட்டது வேற ஒரு வரி, பொழுது எங்க போகுதுன்னே தெரியலன்னு சொன்னீங்களே அது. உங்க பிரச்சனையோட வேரு அங்கதான் இருக்கு.

எங்க அப்பா கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல இருந்தவரு. தொண்ணூறுகள்ல அங்க மில்லுங்க ஒண்ணொண்ணா மூடுனப்போ அவரு மில்லும் மூடிடுச்சு. நான் அப்போ ஸ்கூல்ல படிக்கிறேன். மில்லு சங்கு ஊதறது நின்னு போச்சு, ஆனா அப்பா அதே நேரத்துக்கு எந்திரிச்சு குளிச்சு சட்டை போட்டுக்கிட்டு திண்ணைல உக்காந்துக்குவாரு, அப்புறம் மெதுமெதுவா எந்திரிக்கிறதும் தள்ளி போச்சு, சவரம் பண்ணிக்கறது நின்னுது, எங்கம்மா அவரு சோறு கொண்டு போற தூக்குப்போசியை கழுவி அலமாரில கவுத்து வெச்சாங்க, மூணு வாரம் அது அப்படியே கவுந்து கெடந்துச்சு. வீட்ல யாரும் அதை பத்தி பேசல. ஒரு நாள் காலைல அவரே அதை எடுத்து அம்மாகிட்ட குடுத்து சோறு போட சொல்லிட்டு கணபதிங்கற ஏரியால ஒரு சொந்தக்காரரோட லேத் பட்டறைக்கு சைக்கிள்ல கெளம்பிட்டாரு. சம்பளம் எதுவும் பேசல. இரும்பு சுருளை கூட்டி அள்றது, பார்ட்ஸை எண்ணி வெக்கறது, அவ்வளவுதான். கூலின்னு கைக்கு வந்தது மூணு மாசம் கழிச்சு. ஆனா தூக்குப்போசி எடுத்துட்டு போன அன்னிக்கு சாயங்காலமே அவரு வீட்டுக்கு வந்த விதம் வேற மாதிரி இருந்துச்சு, வாசல்லயே என்னை கூப்பிட்டு ஹோம்வொர்க் கேட்டாரு. அதுக்கு முந்தின மூணு வாரம் அவரு என் நோட்டை தொடவே இல்ல.

இதை அப்போ எனக்கு புரிஞ்சுக்க வயசு பத்தல. வேலை போன பிறகு படிச்சுக்கிட்டு இருக்கறப்போதான் ஆஸ்திரியாவுல மரியன்டால்னு ஒரு ஊரை பத்தி தெரிஞ்சுது. வியன்னா பக்கத்துல சின்ன ஊரு, மொத்த ஊரும் ஒரே ஒரு பஞ்சாலையை நம்பி இருந்துச்சு, 1930 வாக்குல அது மூடிடுச்சு. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல்னு ஆராய்ச்சி பண்றவங்க ஒரு குழுவா அந்த ஊருக்கு போயி மக்கள் எப்படி வாழறாங்கன்னு உக்காந்து பாத்து எழுதுனாங்க, 1933ல வெளிவந்துச்சு. அவங்க எதிர்பாத்தது, வேலை இல்லாட்டி நேரம் நிறைய இருக்குமே, படிப்பாங்க, சங்கத்துக்கு வருவாங்கன்னு. நடந்தது தலைகீழ். ஊரு லைப்ரரில புக் எடுக்கறதுக்கு இருந்த கட்டணத்தையும் நீக்கிட்டாங்க, அப்படியும் எடுக்கற புக்கோட எண்ணிக்கை ரெண்டு மூணு வருஷத்துல கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சு போச்சு. ஜன்னல் பக்கத்துல நின்னு கடிகாரத்தை வெச்சுக்கிட்டு தெருவுல நடக்கறவங்களை கவனிச்சாங்க, ஆம்பளைங்க பத்துல ஒருத்தர்தான் எங்கயும் நிக்காம போக வேண்டிய இடத்துக்கு போனாரு, மத்தவங்க நிக்கறது, திரும்பி பாக்கறது, மறுபடி நடக்கறது. பொம்பளைங்க அந்த அளவுக்கு நிக்கல, ஏன்னா அவங்களுக்கு அடுப்பு இருக்கு, துணி இருக்கு, புள்ளைங்க இருக்கு, அவங்க நாள் உடையல. இன்னிக்கு காலைல இருந்து என்ன பண்ணீங்கன்னு ஆம்பளைங்ககிட்ட கேட்டா நிறைய பேருக்கு சொல்ல தெரியல. நீங்க எழுதுனது அப்படியே அதுதான். உங்களுக்கு சோம்பேறித்தனம் வந்துடல, புத்தி மழுங்கல, வேலைன்னு ஒண்ணு தாங்கி புடிச்சிருந்த பந்தல் சரிஞ்சிருக்கு.

யஹோடா பின்னாடி இதையே இன்னும் தெளிவா சொன்னாங்க. சம்பளம் தவிர வேலை அஞ்சு விஷயத்தை குடுக்குது: நாளுக்கு ஒரு கட்டு, வீட்டுக்கு வெளிய மனுஷங்க, பலபேரு சேந்து பண்ற ஒரு காரியத்துல பங்கு, நான் இன்னாருன்னு சொல்லிக்க ஒரு அடையாளம், கை ஓயாம ஒரு செயல். சம்பளத்தை திரும்ப வாங்கறது உங்க கைல முழுசா இல்ல, மார்க்கெட் கைல பாதி இருக்கு. ஆனா இந்த அஞ்சுல குறைஞ்சது மூணை நாளைக்கு காலைலயே உங்களால திரும்ப கட்ட முடியும். மனசு தெளியறது அதுக்கு பின்னாடிதான் வரும், அவசரப்படாதீங்க.

எப்படின்னா, எனக்கு வேலை செஞ்சதை சொல்றேன். தினமும் ஒன்பது மணிக்கு வீட்டை விட்டு கெளம்பிடணும். பேகை மாட்டிக்கிட்டு, சாப்பாட்டை கட்டிக்கிட்டு. நான் வாரத்துல மூணு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு போனேன், அங்க நம்ம சொந்த புக்கை கொண்டு போய் படிக்கறதுக்குன்னே தனி ஹால் இருக்கு, டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி எழுதற பசங்க பொண்ணுங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. யாரும் யாரையும் நீங்க எங்க வேலை பாக்குறீங்கன்னு கேக்க மாட்டாங்க. எனக்கு எதிர்ல ஒரு பொண்ணு, தர்மபுரி பக்கம், ரெண்டு தடவை குரூப் டூ எழுதி விட்டுட்டு மூணாவது தடவைக்கு படிக்குது, ஒரு மணி ஆனா தயிர் சாதத்தை திறந்து ஊறுகாயை மூடியில வெச்சு என் பக்கம் தள்ளும். அந்த பொண்ணு பேரு கூட கடைசி வரைக்கும் நான் கேக்கல. ஆனா நான் வராத நாள்ல "நேத்து வரலியா அண்ணா"ன்னு கேக்கும் பாருங்க, அந்த ஏழு மாசத்துல என்னை தேடுன ஒரு ஆளு வீட்டுக்கு வெளிய இருந்துச்சுன்னா அது அந்த பொண்ணுதான். உங்க ஏரியால கிளை நூலகம் இருக்கும், இல்லாட்டி யாராவது நண்பரோட ஆபீஸ்ல ஒரு மூலை, எதுவா இருந்தாலும் சரி. வீட்டு பெட்ரூம் மட்டும் வேணாம்.

அங்க போயி எட்டு மணி நேரம் வேலை தேட முடியாது, அப்படி தேடவும் கூடாது. காலைல மூணு மணி நேரம் வேலை தேடல், மதியத்துக்கு மேல ரெண்டு மணி நேரம் படிப்பு, அவ்வளவுதான். நாலரைக்கு மூடிட்டு வீட்டுக்கு வந்துடுங்க, ஆபீஸ்ல இருந்து வர மாதிரி. சாயங்காலத்துக்கு மேல வேலை சம்பந்தமான ஆப் எதையும் திறக்காதீங்க, முக்கியமா லிங்க்ட்இன். ராத்திரி பதினோரு மணிக்கு அதுல யாரோ புது வேலைல சேந்த போட்டோவை பாத்துட்டு படுத்தா தூக்கம் வராது, தூக்கம் வராட்டி காலைல பத்து மணி, மறுபடி அதே சுழல்.

இப்போ பணம். மனசை பத்தி கேட்டா இவன் பணத்தை பத்தி பேசறானேன்னு நினைக்காதீங்க, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரதுக்கு காரணம் பெரும்பாலும் கணக்கு தெரியாத பயம்தான். ஒரு ஞாயித்துக்கிழமை மனைவியோட உக்காந்து ஒரு நோட்டுல எழுதுங்க, கைல இருக்கறது எவ்வளவு, மாசம் கண்டிப்பா போறது எவ்வளவு, வகுத்தா எத்தனை மாசம். அந்த நம்பர் அஞ்சு மாசமோ ஒன்பது மாசமோ, அது தெரிஞ்ச அன்னிக்கு நீங்க நிம்மதியா தூங்குவீங்க, எனக்கு அது நாலரை மாசம்னு வந்துச்சு, அப்பவும் தூங்குனேன்.

அந்த கணக்குல கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விட்டு வரப்போ கம்பெனி தர வேண்டிய பணிக்கொடையை, சேக்க மறக்காதீங்க, நிறைய பேரு அதை கம்பெனி மனசு வெச்சு குடுக்கற பணம்னு நினைச்சுக்கறாங்க. அஞ்சு வருஷம் தொடர்ந்து இருந்திருந்தா அது உங்க உரிமை. கடைசியா வாங்குன பேசிக்கும் டிஏவும் சேத்து 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து வருஷத்தால பெருக்கணும். பேசிக் 50,000ன்னு வெச்சுக்கிட்டா 11 வருஷத்துக்கு 3,17,000 ரூபா சுமாரா வரும், 20 லட்சம் வரைக்கும் வரி கிடையாது, 30 நாளைக்குள்ள குடுத்தாகணும். உங்களுக்கு ஆறு வாரம் ஆச்சு, வரலைன்னா இன்னிக்கே மெயில் போடுங்க, கெஞ்சற மெயில் வேணாம், தேதி போட்டு கேக்கற மெயில். நாலே முக்கால் வருஷத்துல வெளிய அனுப்பப்பட்டவங்க இதை படிச்சா அவங்களுக்கும் ஒண்ணு, அஞ்சாவது வருஷத்துல 240 நாள் முடிச்சிருந்தாலே போதும்னு மேட்டூர் பியர்ட்செல் வழக்குல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியிருக்கு, சும்மா விட்டுடாதீங்க.

பிஎஃப்ல கை வெக்கறது கடைசி. பிஎஃப்போட சேந்த பென்ஷன் திட்டத்துலயும் நீங்க இருந்திருந்தா, 10 வருஷ சர்வீஸ் தாண்டிட்டதால 58 வயசுல பென்ஷன் வாங்கற தகுதி வந்தாச்சு. பணம் அங்க இருந்தா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், வேலை இல்லைன்னு நின்னுடாது. அஞ்சு வருஷம் ஆகாதவங்க எடுத்தா அதுக்கு வரியும் வரலாம். ஒரு சின்ன விஷயம், ஆனா இதுல மாட்டி அலைஞ்சவங்களை நிறைய பாத்துட்டேன்: யூஏஎன்ல, அதாவது உங்க பிஎஃப் அடையாள நம்பர்ல, இருக்கிற ஃபோன் நம்பரும் மெயிலும் உங்களோடதான்னு பாருங்க, கம்பெனி குடுத்த சிம் நம்பரா இருந்தா ஓடிபி வராது, அப்புறம் ஆறு மாசம் நடக்கணும். பழைய கம்பெனி டேட் ஆஃப் எக்ஸிட் போடலைன்னா ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே போர்ட்டல்ல போட்டுக்கலாம், யாரு கால்லயும் விழ வேண்டாம்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இன்னும் அவசரம். கம்பெனி குரூப் பாலிசி கடைசி வேலை நாளோட முடிஞ்சிருக்கும், ஆறு வாரமா உங்க வீடு கவர் இல்லாம இருக்கு, இந்த வாரமே குடும்பம் மொத்தத்துக்கும் சேத்து ஒரே பாலிசியா ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுத்துடுங்க, புது பாலிசில மொத 30 நாளைக்கு விபத்து தவிர வேற எதுக்கும் க்ளெய்ம் இல்ல, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வெக்கலாம். இன்னும் நோட்டீஸ்ல இருக்கிறவங்க படிக்கறீங்கன்னா நீங்க இன்னும் நல்ல எடத்துல இருக்கீங்க, வெளிய வரதுக்கு முன்னாடியே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில குரூப்ல இருந்து தனி பாலிசிக்கு மாத்த சொல்லி கேளுங்க, காத்திருந்த காலம் கணக்குல வரும்.

வீட்டு லோனுக்கு இஎம்ஐ பவுன்ஸ் ஆகறதுக்கு முன்னாடி பேங்குக்கு போங்க. பவுன்ஸ் ஆன பிறகு போனா நீங்க டிஃபால்டர், முன்னாடி போனா கஸ்டமர், அதே மேனேஜர் பேசற தொனியே மாறும். காலத்தை நீட்டி மாச தவணையை குறைக்க கேக்கலாம். 90 நாள் கட்டாம விட்டா வாராக்கடன்ல போயிடும், அதுக்கப்புறம் சிபில் ஸ்கோரை தூக்கி நிறுத்தறது ரொம்ப கஷ்டம். கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டி சமாளிக்கறதை தயவு செஞ்சு பண்ணாதீங்க, வருஷத்துக்கு 40 சதவீதம் பக்கத்துல வட்டி போடறாங்க.

சரி, மனசுக்கு வருவோம். உங்க கேள்வில ஒரு இடத்துல மேனேஜரை பத்தி அஞ்சு வரி எழுதிட்டு அப்புறம் "அதை விடுங்க"ன்னு முடிச்சிருந்தீங்க. அதை விடாதீங்க. 1994ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, ஜேம்ஸ் பென்னபேக்கர்ங்கற சைக்காலஜிஸ்ட்டும் கூட சிலரும் பண்ணது. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனில வேலை போன மூத்த ஆளுங்களை எடுத்து ஒரு குரூப்பை அஞ்சு நாள், தினம் 20 நிமிஷம், வேலை போனதை பத்தி மனசுல இருக்கறதை அப்படியே எழுத வெச்சாங்க. இன்னொரு குரூப் அன்னன்னிக்கு என்ன பிளான்னு எழுதுனாங்க, இன்னும் ஒரு குரூப் எதுவும் எழுதல. எட்டு மாசம் கழிச்சு பாத்தா மனசை கொட்டி எழுதுனவங்கள்ல பாதிக்கு மேல வேலைக்கு போயிட்டாங்க, மத்த ரெண்டு குரூப்பும் ரொம்ப பின்னாடி. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அவங்க மத்தவங்களை விட அதிகமா அப்ளை பண்ணிடல. இன்டர்வியூல போயி உக்காந்தப்போ உள்ள இருந்த கோவம் வெளிய வரலன்னுதான் நான் எடுத்துக்கறேன், ஏன்னா மேசைக்கு இந்த பக்கம் உக்காந்து அதை நிறைய பாத்திருக்கேன். ஏன் வெளிய வந்தீங்கன்னு கேட்டதும் நல்ல திறமைசாலி ஒருத்தரு குரல் மாறி, பழைய மேனேஜரை பத்தி பத்து நிமிஷம் பேசி, தண்ணி குடிச்சு, அப்புறம் சாரி சொல்லுவாரு. அவரு மேல எனக்கு பாவமா இருக்கும், ஆனா என் கூட உக்காந்திருக்கறவங்க அந்த எடத்துலயே முடிவு பண்ணிடுவாங்க.

அதனால ஒரு நோட்டு வாங்குங்க, கைல எழுதுங்க, அஞ்சு நாள், கெட்ட வார்த்தை வந்தாலும் எழுதுங்க, யாருக்கும் காட்டாதீங்க, முடிஞ்சதும் கிழிச்சு போட்டாலும் சரி. அதுக்கப்புறம் அந்த கேள்விக்கு ரெண்டே ரெண்டு வரில பதிலை தயார் பண்ணுங்க. "ப்ராஜெக்ட் மூடுனாங்க, எங்க டீம் மொத்தமா வெளிய வந்துச்சு, அங்க நான் பண்ணது இது, அடுத்து பண்ண நினைக்கறது இது." மனைவிகிட்ட வாய்விட்டு பத்து தடவை சொல்லி பாருங்க. மொத நாலு தடவை தொண்டை அடைக்கும், ஏழாவது தடவைக்கு சாதாரணமா வரும்.

வேலை தேடறதுல ஒரு விஷயம் உங்களுக்கு சாதகமா இருக்கு, அது உங்களுக்கு தெரியல. நம்மூர் ஐடில நிறைய கம்பெனில நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஆள் எடுக்கற எங்களுக்கு அது பெரிய தலைவலி, ஆஃபர் வாங்கிட்டு மூணு மாசத்துல இன்னும் நாலு ஆஃபர் வாங்கி கடைசி நாள் வராம போறவங்க அதிகம். உடனே சேர முடியும்னு ஒருத்தர் இருந்தா அந்த ரெஸ்யூமை தனியா எடுத்து வெக்கறோம். நௌக்ரிங்கற வேலை தேடற சைட்ல உங்க ப்ரொஃபைல்ல அதை மொத வரியா போடுங்க, மூணு நாளைக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு வரியை மாத்தி அப்டேட் பண்ணுங்க, ரெக்ரூட்டருங்க ஃபில்டர் போடறப்போ கடைசியா எப்ப ஆக்டிவா இருந்தாங்கன்னு பாத்துதான் தேடறாங்க. வேலை போனதை மறைச்சு இன்னும் அங்கயே இருக்கற மாதிரி போடறது மட்டும் வேண்டாம், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டுனா கிடைச்சதும் போயிடும். ரிலீவிங் லெட்டர், கடைசி ஆறு மாச பே ஸ்லிப், ஃபார்ம் 16, லேப்டாப்பை திருப்பி குடுத்ததுக்கு கையெழுத்து, எல்லாத்தையும் இந்த வாரமே ஒரு ஃபோல்டர்ல சேத்துடுங்க.

ஆளுங்களை புடிக்கறது. நெருங்குன ஃப்ரெண்டுங்க பத்து பேருக்கு ஏற்கனவே சொல்லியிருப்பீங்க, அவங்களும் உங்களுக்கு தெரிஞ்ச அதே ஓப்பனிங்கைத்தான் அனுப்பியிருப்பாங்க. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் எழுபதுகள்ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்ங்கற ஊர்ல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த தெரிஞ்சவரை எவ்வளவு அடிக்கடி பாத்தீங்கன்னு கேட்டாரு. அடிக்கடி பாத்தேன்னு சொன்னவங்க 16.7 சதவீதம்தான். அப்பப்ப பாத்தேன் 55.6, எப்பவாவது ஒரு தடவை பாத்தேன் 27.8. அதாவது நீங்க மெசேஜ் போட கூச்சப்படற ஆளுங்கதான் உங்களுக்கு வேலையை கொண்டு வர வாய்ப்பு அதிகம், மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு ப்ராஜெக்ட்ல கூட இருந்தவரு, வெண்டர் பக்கம் வந்து போனவரு, காலேஜ்ல வேற டிபார்ட்மெண்ட், இப்படி. எனக்கு வேலை வந்தது அப்படித்தான், எங்க டீமுக்கு டெஸ்டிங் டூல் வித்துட்டு போன ஒரு சேல்ஸ் ஆளு, நாலு வருஷம் பேசல, நான் வெளிய வந்ததை சொல்லி ஒரு மெசேஜ் போட்டேன், அவரு வேற எங்கயோ போயிருந்தாரு, ரெண்டு வாரம் கழிச்சு அவரே கூப்பிட்டாரு. ஒரு நாளைக்கு அப்படி ரெண்டு பேரு, அதுக்கு மேல வேணாம், வேலை வாங்கி குடுங்கன்னு கேக்காதீங்க, நான் இந்த நிலைமைல இருக்கேன், உங்க பக்கம் எப்படி இருக்கு, பத்து நிமிஷம் பேசலாமான்னு கேளுங்க. பத்துல மூணு பேரு பதில் போடுவாங்க. பதில் போடாதவங்க மேல வருத்தம் வேணாம், அவங்க ஆபீஸ்லயும் அடுத்த லிஸ்ட் ஓடிக்கிட்டு இருக்கலாம்.

படிப்பு விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு, பயத்துல ஆறு கோர்ஸ்ல சேந்து ஒண்ணையும் முடிக்காம விடறது, முடிக்காத ஒவ்வொண்ணும் இன்னொரு தோல்வியா மனசுல ஏறும். ஒண்ணே ஒண்ணு எடுங்க. ஐஐடி புரொஃபசருங்க எடுக்கற என்பிடெல் வகுப்புங்க இலவசம், எக்ஸாம் எழுதுனா மட்டும் ஃபீஸ். ஆனா கோர்ஸ் சர்டிஃபிகேட்டை விட, நீங்க முழுசா கட்டி முடிச்ச ஒரு சின்ன பொருள், பத்து பேரு உபயோகப்படுத்தற ஒரு விஷயம், இன்டர்வியூல அதை பத்தி பேசறப்போ உங்க கண்ணுல தெரியற தெம்பே வேற. நான் எங்க அபார்ட்மெண்ட் தண்ணி லாரி கணக்குக்கு ஒரு சின்ன ஆப் பண்ணேன், யாரு எப்ப ஆர்டர் போட்டது, எத்தனை லிட்டர், காசு யாரு குடுத்தது, அவ்வளவுதான். செகரட்டரி மாமா அதை தினமும் திறந்து பாத்தாரு, எனக்கு அதுல ஒரு ரூபா வரல, ஆனா யாருக்கோ என் வேலை தேவைப்பட்டுச்சு.

வீட்ல ஒரு பொறுப்பை முழுசா எடுத்துக்கோங்க. உதவி பண்றேன்னு இல்ல, அது உங்களோட வேலை, நீங்க பண்ணாட்டி நடக்காது. பையனை ஸ்கூல்ல விடறதும் கூட்டிட்டு வரதும், இல்ல காலை டிஃபன். மரியன்டால்ல பொம்பளைங்களோட நாள் உடையாம இருந்ததுக்கு அதுதான் காரணம். அதே நேரம் வீட்ல சும்மாதானே இருக்கீங்கன்னு பேங்க், கேஸ், ப்ளம்பர்னு பகல் முழுக்க உங்க தலையில விழும், அதுக்கு மனைவிகிட்ட முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க, ஒன்பதுல இருந்து நாலரை வரைக்கும் நான் ஆபீஸ்லதான் இருக்கேன்னு.

அவசரத்துல தப்பான கையில போயி மாட்டிக்காதீங்க. வேலை தரேன்னு சொல்லிட்டு ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெய்னிங், லேப்டாப் டெபாசிட்னு ஒரு ரூபா கேட்டாலும் அது ஏமாத்து. தாய்லாந்துல ஐடி வேலை, லட்சக்கணக்குல சம்பளம்னு கூட்டிட்டு போயி மியான்மர்ல மியாவடில அடைச்சு வெச்சு ஆன்லைன் மோசடி பண்ண வெச்சாங்க, 2022ல நம்ம தமிழ்நாட்டு பசங்களை அங்க இருந்து மீட்டுக்கிட்டு வந்தாங்க, படிச்ச பசங்கதான் எல்லாரும். காசு போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ அவ்வளவு நல்லது.

இன்னொண்ணு, இதை லேசா எடுத்துக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்கல, நான் இல்லாட்டி இவங்க நல்லா இருப்பாங்கன்னு ஒரு எண்ணம் வருதுன்னா அது வெறும் வருத்தம் இல்ல, டாக்டர் பாக்க வேண்டிய விஷயம். 14416 டெலி மனஸ், அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்ல பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. தமிழ்நாட்டு சுகாதார ஹெல்ப்லைன் 104ம் இருக்கு. எனக்கு மூணாவது மாசத்துல ஒரு நாள் பெசன்ட் நகர் பீச்சுல உக்காந்திருந்தப்போ அப்படி ஒரு எண்ணம் வந்துச்சு, பயந்து போயி மனைவிக்கு ஃபோன் பண்ணி இங்க வான்னு மட்டும் சொன்னேன், ஏன்னு கேக்காம ஆட்டோ புடிச்சு வந்தா, அடுத்த நாளே டாக்டர்கிட்ட போனோம். அன்னிக்கு ஃபோன் பண்ணது நான் அந்த ஏழு மாசத்துல பண்ண நல்ல காரியம்.

கடைசியா உங்க அப்பா. சொல்லாம இருக்கறதுக்கு நீங்க குடுக்கற விலை உங்களுக்கு தெரியல, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை ஃபோன்லயும் ஆபீஸ் எப்படி போகுதுன்னு அவரு கேக்க நீங்க பொய் சொல்ல, அந்த பொய்யை ஞாபகம் வெச்சுக்க, அடுத்த வாரம் அதை ஒட்டி இன்னொண்ணு சொல்ல. அதுக்கு செலவாகற தெம்பு ஒரு நாள் உழைப்புக்கு சமம். நானும் ரெண்டரை மாசம் மறைச்சேன். தீபாவளிக்கு ஊருக்கு போனப்போ கொல்லைல அப்பா தேங்கா மட்டை உரிச்சுக்கிட்டு இருந்தாரு, பக்கத்துல உக்காந்து சொல்லிட்டேன், எப்படி சொன்னேன்னே ஞாபகம் இல்ல. அவரு கையை நிறுத்தல, மட்டையை உரிச்சு முடிச்சு காயை கீழ வெச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "காலைல எத்தன மணிக்கு கண்ணு எந்திரிக்கிற?" ஒன்பது, ஒன்பதரைன்னு சொன்னேன். எந்திரிச்சு உள்ள போனாரு, எங்கம்மாகிட்ட ஏதோ கேட்டு பரண்ல தேடற சத்தம் வந்துச்சு. நான் சென்னை கெளம்பறப்போ பைல முறுக்கு டப்பாக்கு கீழ ஒரு துணில சுத்தி அந்த பழைய தூக்குப்போசி இருந்துச்சு, புளி போட்டு தேய்ச்சிருந்தாங்க. கோட்டூர்புரத்துக்கு நான் போக ஆரம்பிச்சது அதுக்கு அடுத்த திங்கக்கிழமை.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கு சாயங்காலமே அப்பாவுக்கு ஃபோன் பண்ணுங்க. மனைவியை பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க, ஸ்பீக்கர்ல போடாதீங்க, ஆபீஸ்ல வேலை போயிடுச்சுப்பா, ஆறு வாரம் ஆச்சு, இத்தனை மாசத்துக்கு கையில காசு இருக்குன்னு அந்த நோட்டுல இருக்கிற நம்பரையும் சேத்து சொல்லுங்க, அந்த வயசுல அவங்களுக்கு பயம் முழுக்க அதுலதான் இருக்கும். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசாம இருந்தா நீங்களும் பேசாம ஃபோனை காதுலயே வெச்சிருங்க.